பொன்னழகு பார்த்தெடுத்த ஸ்பேனர்கள்

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே இருக்கிற ஊர்களில் போர்வெல் மோட்டார் நின்றுபோனால் கண்ணனுக்குப் போன் போடுவார்கள். போனை எடுத்துப் பேசுவது கண்ணன். வந்து மோட்டாரை மேலே எடுத்துக் கொடுப்பது அவன் மனைவி பொன்னழகு. இன்றைக்கு இது அந்தப் பக்கத்தில் யாருக்கும் அதிசயமில்லை. வெளியூர்க்காரர் யாராவது "பொம்பளையா மோட்டார் தூக்குது?" என்று கேட்டால்தான் உள்ளூர்க்காரர்களுக்கே அது ஞாபகம் வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் பொன்னழகுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணன் வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள். கூலியாள் வராத நாளில் குழாயைப் பிடித்துக்கொள்வாள். அப்படி நின்று பார்த்துப் பார்த்தே வேலை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆழத்தில் கிடக்கிற மோட்டாரோடு சேர்த்து இரும்புக் குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகியிருக்கும். மூன்று இரும்புக் கால்களை முக்காலிபோல் நிறுத்தி, அதில் சங்கிலி போட்டு, ஒவ்வொரு குழாயாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். கழற்றுகிற நேரத்தில் கீழே தொங்குகிற அத்தனை பாரத்தையும் குழாயின் கழுத்தில் மாட்டிய கிளாம்பு ஒன்றுதான் தாங்கும். கிளாம்பு என்பது இரண்டு கனத்த இரும்புப் பட்டை, இரண்டு போல்ட்டு. போல்ட்டை இறுக்க ஸ்க்ரூ ஸ்பேனர். தோட்டத்துக்குத் தோட்டம் அங்கே மாட்டியிருக்கிற கிளாம்பின் போல்ட்டு அளவு மாறும், துருப்பிடித்து இளைத்தும் இருக்கும். அதனால் வாயைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற அந்த ஸ்பேனர் இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை.

கண்ணன் ஸ்பேனரைப் பற்றி அதிகம் யோசிக்கிறவன் இல்லை. சந்தையில் பளபளவென்று எது கிடைத்ததோ அதை வாங்குவான். வாய் தளர்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குவான். சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், முருங்கைத் தோட்டம் ஒன்றில் கிளாம்பை இறுக்கிக்கொண்டிருந்தான். முழு பலத்தையும் கொடுத்து இழுக்கிறபோது ஸ்பேனரின் வாய் படக்கென்று விட்டுவிட்டது. போன வேகத்தில் வலது கை போர்வெல் குழாயின் விளிம்பில் போய் மோதியது. பொன்னழகு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையைச் சுற்றி, அங்கிருந்த ஒருவரின் வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. சாப்பிடலாம், சங்கிலி இழுக்கலாம். ஸ்பேனரைப் பிடித்து இறுக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு கண்ணன் பேச்சையே குறைத்துக்கொண்டான். வாசலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் பொன்னழகு அந்த உடைந்த ஸ்பேனரைச் சாக்குப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். நகர்கிற வாயில் ஒரு மூலை தெறித்துப்போயிருந்தது. தெறித்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். வெளியே கண்ணாடிபோல் மினுங்கிய இரும்பு உள்ளே பொரபொரவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது.

"மாமா, இங்க பாருங்க. இது இரும்பே இல்ல. உருக்கி ஊத்தி மேல பாலீஷ் போட்டுருக்கான்."

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?" என்றான் கண்ணன்.

"தொழில விட வேணாம். நீங்க சங்கிலியப் பிடிங்க, நான் ஸ்பேனரப் பிடிக்கிறேன். ஆனா இந்த மாதிரிச் சனியன நான் கையில தொட மாட்டேன். நானே போயி நல்லதாப் பாத்து எடுத்துட்டு வாரேன்."

கண்ணனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை பஸ் ஏறினாள். மஞ்சள் பையில் கிளாம்பிலிருந்து கழற்றிய போல்ட்டும் நட்டும், கூடவே அந்த உடைந்த ஸ்பேனர். திண்டுக்கல்லில் இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். பெரும்பாலான கடைகளில் அவளைப் பார்த்ததும் குழாய் வாஷர் வேண்டுமா, கேஸ் ட்யூப் வேண்டுமா என்று கேட்டார்கள். ஸ்க்ரூ ஸ்பேனர் என்றதும் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி மேசைமேல் போட்டார்கள். அவள் அதன் வாயைத் திறந்து ஆட்டிப் பார்த்ததும், "ஆட்டினா எதும்மா ஆடாது?" என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் அப்துல் ஜப்பார் கடைக்கு வந்தாள். நடுத்தர வயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ரசீது எழுதிக்கொண்டிருந்தார். பொன்னழகு உடைந்த ஸ்பேனரை அவர் முன்னால் வைத்தாள்.

"பாய், இதுல எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு விரல் போச்சு. இந்த மாதிரி இல்லாததா ஒண்ணு வேணும்."

ஜப்பார் எழுதுவதை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்து உடைந்த இடத்தைப் பார்த்தார். "யா அல்லா," என்றார். "உக்காரும்மா."

அவர் நான்கைந்து வகைகளை எடுத்து வைத்தார். எது எந்த ஊர் சரக்கு, எதை எந்தக் கம்பெனிக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் பொன்னழகு கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டுத் தன் வழியில் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பாதி திறந்து நகரும் பக்கத்தை விரலால் மேலும் கீழும் அசைத்தாள், பிறகு பக்கவாட்டில் அசைத்தாள். ஆடியவற்றை ஒதுக்கி வைத்தாள். அடுத்து வாயை முழுக்க மூடி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சிலவற்றில் நுனி சேர்ந்திருந்தது, அடியில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அவற்றையும் ஒதுக்கினாள். கட்டை விரலால் உருட்டுகிற திருகை உருட்டிப் பார்த்தாள். ஒன்றில் அது தடுக்கித் தடுக்கிப் போனது. இன்னொன்றில் ஸ்பேனரைக் குலுக்கினாலே தானாக உருண்டது.

மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்துப் போல்ட்டால் தட்டினாள். ஒன்று சத்தில்லாமல் 'டொக்' என்றது. ஒன்று 'ணங்' என்று இழுத்துப் பாடியது.

"இது அடிச்சுச் செஞ்சதா பாய்?"

"ஆமாம்மா. காய்ச்சி அடிச்ச உருக்கு. அதான் விலையும் கூட."

"இதுலயே பெட்டியில இருக்கற எல்லாத்தையும் எடுங்க."

"எல்லாம் ஒரே சரக்குதாம்மா. ஒண்ணு எடுத்தா என்ன, ஒம்பது எடுத்தா என்ன?"

"எடுங்க பாய், பாப்போம்."

எடுத்தார். ஒரே பெட்டி, ஒரே பேர் அடித்த ஸ்பேனர்கள்தான். ஆனால் பொன்னழகு விரலால் அசைத்தபோது ஒன்று லேசாக ஆடியது, ஒன்று ஆடவில்லை. ஜப்பார் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு தானும் அசைத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

"கல்யாணத்துக்குப் புடவை எடுக்குற மாதிரில்ல எடுக்குற!"

"புடவை சரியில்லன்னா மாத்திக் கட்டிக்கலாம் பாய். விரலை மாத்த முடியுமா?"

கடையில் சாமான்களைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் ஒன்று இருந்தது. ஜப்பார் அதில் அவள் கொண்டுவந்த போல்ட்டை இறுக்கி வைத்து, "போட்டு இழுத்துப் பாரு," என்றார். பொன்னழகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நட்டில் ஸ்பேனரை மாட்டி, வாயை இறுக்கி, தன் பக்கம் இழுத்தாள். ஸ்பேனர் நட்டை விட்டு நழுவவில்லை. பாரம் அசையாத வாயில் விழும்படி அவள் பிடித்திருந்ததை ஜப்பார் கவனித்தார். "இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நகர்ற பக்கம் பாரம் விட்டதுனாலதான அது தெறிச்சது? அப்ப இந்தப் பக்கம்தான விடணும்?"

அன்றைக்கு அவள் ஒரே ஒரு பன்னிரண்டு இஞ்சு ஸ்பேனரோடு வீட்டுக்கு வந்தாள். கண்ணன் அதை இடது கையில் வாங்கி எடை பார்த்தான். திருகை உருட்டினான். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தான். "நல்லாத்தான் எடுத்துருக்க," என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் முகம் தெளிந்து பொன்னழகு பார்த்தது அப்போதுதான்.

முதல் வேலைக்குப் போனபோது தோட்டக்காரர் கண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்பா, பொம்பள கையிலயா விடப்போற?" என்று கேட்டார். கண்ணனுக்குச் சங்கடமாக இருந்தது. "செத்த நேரம் பாருங்கண்ணே," என்று மழுப்பினான். பொன்னழகு காதில் விழுந்தும் விழாததுபோல் கிளாம்பை மாட்டினாள். குழாய் குழாயாக மோட்டார் மேலே வந்து சேர்ந்தது. தோட்டக்காரர் இளநீர் வெட்டி முதலில் அவளிடம்தான் நீட்டினார்.

அதற்குப் பிறகு நல்ல ஸ்பேனர் சேர்ப்பது பொன்னழகுக்கு ஒரு பிரியமாகவே ஆகிவிட்டது. கை நுழையாத இடத்துக்கு எட்டு இஞ்சு ஒன்று. தினசரி வேலைக்குப் பத்து இஞ்சு. பெரிய போல்ட்டுகளுக்கு ஒரு முழத்துக்கு மேல் நீளமுள்ள ஒன்று, அது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியது. அவசரப்பட்டு எதையும் வாங்கமாட்டாள். ஜப்பார் கடைக்குப் போய்ப் பார்ப்பாள், பிடிக்காவிட்டால் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். வடமதுரையில் ஒரு காயலான் கடையில் பழைய இரும்புக் குவியலுக்குள் துருவேறிய ஸ்பேனர் ஒன்று கிடந்தது. கடைக்காரன் அதை எடைக்குப் போடுவதற்காக வைத்திருந்தான். அவள் அதைக் குனிந்து எடுத்து ஒரு கல்லில் தட்டினாள். துருவையும் மீறி அது பாடியது. வாங்கி வந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் தூள் போட்டுத் தேய்த்து, திருகில் எண்ணெய் விட்டாள். இப்போது அவளிடம் இருப்பதிலேயே ஆட்டமில்லாத வாய் அதற்குத்தான்.

எல்லாவற்றையும் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த தகரப் பெட்டிக்குள் வைத்தாள். பட்டுச் சேலை பீரோவுக்குப் போனது. கண்ணனின் பழைய ஜீன்ஸ் துணியை வெட்டி ஒவ்வொன்றுக்கும் உறை தைத்தாள். வேலை முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன் ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணெய் தடவி உறையில் போடுவாள். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். யார் கேட்டாலும் ஸ்பேனரை இரவல் கொடுக்கமாட்டாள். சுத்தியலுக்குப் பதிலாக அடிப்பார்கள், கைப்பிடியில் குழாயைச் சொருகி இழுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இதில் பழனிக்குமாருக்கு வருத்தம் இருந்தது. அவனும் அதே பக்கத்தில் மோட்டார் தூக்குகிறவன். கண்ணனை அண்ணன் என்றும் பொன்னழகை மதினி என்றும் கூப்பிடுவான். ஆனால் தொழிலில் இரண்டு கோஷ்டிக்கும் போட்டி உண்டு. "மதினி ஸ்பேனருக்குக் காப்பு போட்டு வச்சிருக்கு," என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

போன மாசி மாதம் ராமர் என்கிற பூ விவசாயியின் தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டது. அவர் போடுவது கனகாம்பரமும் மல்லிகையும். ஒரு பக்கம் புதிதாகப் பூ நாற்று வைத்திருந்த சமயம், ஒருநாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் வாடிவிடும். பழனிக்குமார்தான் வேலையை எடுத்திருந்தான். காலையில் தொடங்கியது நன்றாகத்தான் போனது. பாதி குழாய்கள் மேலே வந்த நேரத்தில் கிளாம்பை இறுக்கும்போது அவன் ஸ்பேனர் வழுக்கி, ஒரு நட்டின் முனைகளை மழுக்கிவிட்டது. நட்டு பாதி இறுகி நின்றது. அது தெரியாமல் சங்கிலியைத் தளர்த்தினார்கள். குழாய் 'கிர்ர்' என்று கத்திக்கொண்டு ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. இன்னொரு முறை இறங்கினால் மோட்டார், குழாய் எல்லாம் போர்வெல்லுக்குள் போய்விடும். போர்வெல்லையே மூடவேண்டியதுதான்.

பழனிக்குமார் கண்ணனுக்குப் போன் செய்தான். "அண்ணே, மதினியோட அந்தப் பெரிய ஸ்பேனரக் கொஞ்சம் குடுத்து விடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு பொன்னழகைப் பார்த்தான்.

"ஸ்பேனரக் குடுத்து விட மாட்டேன்," என்றாள் பொன்னழகு. உலையில் போடக் கழுவிய அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "நான் வாரேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் யாரும் எதையும் தொட வேணாம்னு சொல்லுங்க."

தகரப் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு இருவரும் போய்ச் சேர்ந்தபோது ராமர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒச்சம்மாள் நாற்றுப் பாத்தி ஓரமாக நின்று போர்வெல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழனிக்குமாரும் அவன் ஆட்களும் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையால் பிடித்து நிற்கிற பாரமா அது? பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்திருந்தார்கள்.

பொன்னழகு முதலில் குழாயைச் சுற்றி வந்து பார்த்தாள். தன் பெட்டியிலிருந்து வேறொரு கிளாம்பை எடுத்து, நழுவிய கிளாம்புக்கு மேலே மாட்டினாள். பெரிய ஸ்பேனரை உறையிலிருந்து உருவி, வாயை நட்டுக்கு ஒட்ட உருட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தாள். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினாள். புதுக் கிளாம்பு குழாயைக் கடித்துப் பிடித்த பிறகு, "மாமா, சங்கிலிய இதுல மாட்டி ஏத்துங்க, மெதுவா," என்றாள். கண்ணன் சங்கிலியை இழுத்தான். குழாய் மயிரிழை மேலே எழும்பியது. பாரம் கைமாறிவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. அதுவரை குழாயைப் பிடித்திருந்த பழனிக்குமார் கையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முனை மழுங்கிப்போன நட்டு மிச்சமிருந்தது. அதைக் கழற்றினால்தான் வேலை நகரும். பழனிக்குமாரின் ஆட்களில் ஒருவன் உளியால் வெட்டிவிடலாம் என்றான். "வேணாம், குழாய் அதிரும்," என்றாள் பொன்னழகு. அரத்தை எடுத்து நட்டின் எதிரெதிர் பக்கங்கள் இரண்டையும் தேய்க்க ஆரம்பித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒச்சம்மாள் ஒரு சாக்கை விரித்து அவள் தலைக்கு மேலே நிழலாகப் பிடித்தாள். இரண்டு பக்கமும் தட்டையானதும், நட்டு எந்த அளவுக்கும் சேராத அளவாகிவிட்டது. வாய் அளவு மாறாத ஸ்பேனர் எதுவும் அதில் உட்காராது. பொன்னழகு அந்தக் காயலான் கடை ஸ்பேனரை எடுத்தாள். திருகை உருட்டி உருட்டி, மூச்சுகூட நுழையாதபடி வாயை நட்டோடு சேர்த்தாள்.

"இழுக்கும்போது வழுக்கினா?" என்று கேட்டான் பழனிக்குமார்.

"இது வழுக்காது," என்றாள். இழுத்தாள். நட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விட்டுக்கொடுத்தது.

பிறகு மீதிக் குழாய்களை இரண்டு கோஷ்டியும் சேர்ந்தே ஏற்றினார்கள். சாயங்காலம் பழுது பார்த்த மோட்டாரை இறக்கித் தண்ணீர் விட்டபோது ஒச்சம்மாள் பூத்திருந்த பழைய பாத்தியிலிருந்து கனகாம்பரம் ஒரு கை நிறையப் பறித்துக் கட்டி, எண்ணெய்க் கையோடு நின்ற பொன்னழகின் தலையில் தானே வைத்துவிட்டாள். "இந்தா ஆத்தா, இன்னைக்கி நீதான் எங்க பயிரக் காப்பாத்துன," என்றாள்.

பொன்னழகு ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பழனிக்குமார் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். டீக்கடைப் பேச்செல்லாம் இப்போது அவனிடம் இல்லை.

"மதினி, நானும் திண்டுக்கல்லதான் வாங்குறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி வாய்க்குது?"

"கடை ஒண்ணுதான். நீ பளபளப்பப் பாத்து எடுக்குற."

"எனக்கு நீங்க வந்து எடுத்துக் குடுங்க மதினி."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கண்ணன் கேட்டான். "அவனுக்கு நல்ல ஸ்பேனரா எடுத்துக் குடுத்தா, நாளைக்கி நம்ம வேலைய அவன்தான பாப்பான்?"

"பாத்துட்டுப் போகட்டும்," என்றாள் பொன்னழகு. "எனக்கு வேலைக்கா பஞ்சம்? அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரி வாசல்ல உக்காரக் கூடாது, அம்புட்டுத்தான்."

அந்த வாரமே போனார்கள். பழனிக்குமார் தன் ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கடை வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் ஜப்பாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். "மாஷா அல்லா! வாம்மா, உக்காரு. புதுச் சரக்கு வந்திருக்கு, இன்னும் பிரிக்கல. நீ பாத்துட்டுச் சொல்லு, அப்புறந்தான் நான் அலமாரியில அடுக்கப் போறேன்."

பொன்னழகு உட்கார்ந்தாள். பெட்டிகளைப் பிரித்து மேசைமேல் கொட்டினார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, வாயைத் திறந்து அசைத்தாள், மூடி வெளிச்சத்தில் பிடித்தாள், தட்டிக் கேட்டாள். தேறியவை வலது பக்கம் போயின, தேறாதவை இடது பக்கம். ஏன் தேறவில்லை என்று பழனிக்குமாரின் கையிலும் கொடுத்து அசைத்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவனே, "இது ஆடுது மதினி," என்று சொல்ல ஆரம்பித்தான். இடது பக்கக் குவியல் பெரிதாகிக்கொண்டே போனதைப் பார்த்து ஜப்பார் தலையில் கைவைத்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு அந்தக் குவியலை மூட்டை கட்டச் சொன்னார், சரக்கு கொடுத்தவருக்கே திருப்பி அனுப்புவதற்கு.

வாளிக்கு வளையம் வாங்க வந்த ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தயங்கித் தயங்கி, தான் பக்கத்துக் கடையில் அப்போதுதான் வாங்கிய ஸ்பேனரைப் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். "அம்மா, இதையும் செத்த பாத்துச் சொல்லுங்களேன்." பொன்னழகு அசைத்துப் பார்த்தாள். "நல்லாருக்குங்கண்ணே. பயப்படாம வச்சு வேல பாருங்க," என்றாள். அந்த மனிதருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

கடைக்குள் இடம் போதாததால் கண்ணன் எதிரே டீக்கடையில் நின்றிருந்தான். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், "அங்க என்னங்க, அந்தக் கடையில இம்புட்டுக் கூட்டம்?" என்று கேட்டார்.

கண்ணன் டம்ளரைப் பலகையில் வைத்தான்.

"நாற்காலியில உக்காந்து ஸ்பேனர் பாக்குறாங்கல்ல," என்றான், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "அது என் சம்சாரம்."